பொருத்தம் எனும் சிக்கல்: குதிரைப்படைச் சேணமும் முதுகுப்புண்ணும் (1859–1922)

ஆய்வுச் சுருக்கம்

சேணம் குதிரையின் முதுகோடு பொருந்தாமையால் தோன்றும் புண், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குதிரைப்படைகள் ஓயாது எதிர்கொண்ட சிக்கலாகும். அதனைச் சேண வடிவமைப்பின் குறையாக மட்டும் காணும் போக்கு படைவரலாற்று எழுத்தில் மிகுதி. பொருத்தம் என்பது வாங்கும் நாளில் முடிவுறும் பண்பன்று, குதிரையின் உடல் மாறுந்தோறும் புதிதாகச் செய்யப்பட வேண்டிய பணி என்பதை அமெரிக்க, பிரித்தானிய, இந்தியப் படைகளின் நடைமுறைகள் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அப்பணிக்கு யார் பொறுப்பு என்னும் வினாவே இதன் மையம்.

திறவுச்சொற்கள்: சேணம், சட்டகம், முதுகுப்புண், சில்லாதார் முறை, பிரெடரிக் ஸ்மித், தென்னாப்பிரிக்கப் போர்.

முன்னுரை

சேணம், கலணை, கல்லணை, பல்லணம், பக்கரை எனக் குதிரைமேல் இடும் இருக்கையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. குதிரையை அணிசெய்து ஆயத்தப்படுத்துவதைக் குறிக்கும் ‘பண்’ என்னும் பழஞ்சொல்லும் உண்டு. எனினும், சேணத்தின் உறுப்புகளைப் பிரித்துணர்த்தும் கலைச்சொற்கள் பொதுவழக்கில் நிலைபெறவில்லை. ஆகவே இக்கட்டுரையில் சில சொற்கள் விளக்கத்தோடு ஆளப்படுகின்றன. கழுத்து முடிந்து முதுகு தொடங்குமிடத்தில் உயர்ந்து நிற்கும் எலும்புப் பகுதி ‘தோள்மேடு’ எனப்படுகிறது. சேணத்தின் உள்ளே அமைந்து அதற்கு உருவம் தரும் மரத்தாலோ இரும்பாலோ ஆன எலும்புக்கூடு ‘சட்டகம்’ எனப்படுகிறது. முதுகெலும்பின் இருமருங்கிலும் விலாவின்மேல் படியும் நீண்ட பலகைகள் ‘பக்கப்பலகைகள்’. அவற்றை முன்னும் பின்னும் இணைப்பவை ‘முன்வளைவு’, ‘பின்வளைவு’.

குதிரைப்படை வரலாறு பெரும்பாலும் போர்முனையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஒரு படைப்பிரிவு களத்தை அடையுமுன்பே அதன் குதிரைகளுள் ஒரு பகுதி பயனற்றுப் போவதற்கு எதிரியின் குண்டு காரணமாவதில்லை. உள்ளங்கை அகலத்துக்கும் குறைவான ஒரு புண் போதும். அக்குதிரையின்மேல் வாரக்கணக்கில் எவரும் ஏற இயலாது. அதன்மேல் ஏறவேண்டிய வீரன் நடக்கவேண்டும். இச்சிறு புண்ணின் காரணத்தை யார்மேல் ஏற்றுவது என்பதில் சேணம் செய்தவர், வாங்கிய அரசு, பூட்டிய வீரன், நெடும்பயணத்துக்கு ஆணையிட்ட தளபதி ஆகியோருக்கிடையே நெடுங்காலம் வழக்கு நடந்தது எனலாம்.

சட்டகமும் முதுகும்

சேணத்தின் பணி, ஏறுபவரின் எடையை முதுகெலும்பின்மேல் விழவிடாமல் இருமருங்கிலும் உள்ள தசைகளின் வழியே விலாக்களுக்குப் பகிர்ந்தளிப்பது. இதில் நான்கு கட்டுப்பாடுகள் உள்ளன. முன்வளைவு தோள்மேட்டை மேலிருந்து அழுத்தவோ பக்கங்களிலிருந்து நெரிக்கவோ கூடாது. முதுகெலும்பின்மேல் எதுவும் படலாகாது. தோள்பட்டையின் அசைவு தடைபடலாகாது. இடுப்புப் பகுதியின்மேல் சுமை ஏறலாகாது. இவற்றை ஏட்டில் எழுதுவது எளிது. ஒரு மரச்சட்டகத்தில் நிறைவேற்றுவது கடினம். ஏனெனில், சட்டகம் விறைப்பானது, முதுகு அவ்வாறன்று.

பக்கப்பலகையின் வளைவு முதுகின் வளைவைவிடக் குறைவாயின், பலகை முன்னும் பின்னும் மட்டுமே படிந்து நடுவில் பாலம்போல் தொங்கும். எடை முழுதும் நான்கு முனைகளில் குவியும். வளைவு மிகுதியாயின், நடுவில் மட்டும் படிந்து தொட்டில்போல் முன்பின் ஆடும். அவ்வாட்டம் தோலை உராயும். முன்வளைவு அகன்றிருப்பின் சேணம் முன்பக்கம் இறங்கித் தோள்மேட்டின்மேல் உட்காரும். குறுகியிருப்பின் இருபக்கமும் கௌவிப் பிடிக்கும். தோலின்மேல் தொடர்ந்து விழும் அழுத்தம் அவ்விடத்துக் குருதியோட்டத்தைத் தடுக்கிறது. சேணத்தை எடுத்த பின்னரே அவ்விடம் வீங்கத் தொடங்குகிறது. பயணம் முடிந்தவுடன் சேணத்தைக் கழற்றாமல், வயிற்றுவாரை மட்டும் தளர்த்திச் சிறிதுநேரம் அப்படியே விட்டுவைக்கும் படைவழக்கம் இதனால் எழுந்ததே. குருதி மெல்லத் திரும்பட்டும் என்பது அதன் நோக்கம்.

யாருக்கான அளவு?

பெருந்தொகையான சேணங்களை ஒரே வடிவில் செய்து வாங்கும் அரசு, எக்குதிரைக்கென்று அளவெடுப்பது? இவ்வினாவுக்கு அமெரிக்கப் படை அளித்த விடை நோக்கத்தக்கது. 1855–56இல் கிரீமியப் போரையும் ஐரோப்பியப் படைகளையும் பார்வையிட அனுப்பப்பட்ட அதிகாரிகள் குழுவில் இடம்பெற்ற ஜார்ஜ் மெக்லெல்லன் முன்வைத்த சேணத்தை அமெரிக்கப் படை 1859இல் ஏற்றுக்கொண்டது. பச்சைத்தோல் போர்த்திய மரச்சட்டகம். நடுவே முதுகெலும்புக்கு நேராக நீண்ட திறப்பு. கீழே மடித்த கம்பளி. இலேசானது, விலையும் குறைவு. சில மாற்றங்களுடன், அந்நாட்டுக் குதிரைப்படை குதிரைகளைக் கைவிடும்வரை அது வழக்கிலிருந்தது.

முதுகெலும்பைக் காற்றுக்குத் திறந்துவிட்ட இவ்வமைப்பு குதிரையைக் கருதியே செய்யப்பட்டது என்று புகழப்படுகிறது, அப்புகழ் தகுதியற்றதன்று. ஆனால் உள்நாட்டுப் போர்க்காலத்தில் அது 11, 11½, 12 அங்குலம் என மூன்று அளவுகளில் செய்யப்பட்டது என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். இவ்வளவுகள் இருக்கையின் நீளத்தைக் குறித்தன. அதாவது வீரனின் உடலைக் குறித்தன. குதிரையின் முதுககலத்துக்கென அளவு வகுக்கப்படவில்லை. அவ்வேறுபாட்டை ஈடுசெய்யும் பொறுப்பு முழுதும் கீழே மடிக்கப்பட்ட கம்பளியின்மேல் விழுந்தது. கம்பளியை மடிப்பவன் வீரன். இவ்வாறு கொள்முதல் நிலையில் தீர்க்கப்படாத சிக்கல், விடியற்காலை இருட்டில் அவசரமாகச் சேணம் பூட்டும் ஒருவனின் கைக்கு மாற்றப்பட்டது.

பிரித்தானியப் படை சென்ற வழி சற்று வேறு. அங்கு 1890, 1902, 1912 ஆகிய ஆண்டுகளின் பெயரால் வழங்கும் சேணங்கள் ‘பொதுவடிவச் சேணம்’ என்னும் பெயரைத் தாங்கின. எல்லாப் படைப்பிரிவுகளுக்கும் ஒரே வடிவம் என்பதே அப்பெயரின் பொருள். எல்லாக் குதிரைகளுக்கும் பொருந்துவது என்பது அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் தவறு அக்காலத்தவரிடமும் இருந்தது, பிற்கால ஆய்வாளரிடமும் உள்ளது. பக்கப்பலகையின் கீழே அழுத்தக்கம்பளியாலான திண்டும், அதன்கீழ் மடித்த கம்பளியும் இடப்பட்டன. இத்திண்டுக்கு ஆங்கிலேயர் வழங்கிய ‘நம்னா’ என்னும் பெயர், அழுத்தக்கம்பளியைக் குறிக்கும் ‘நம்தா’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து சென்றதாகும். சொல் சென்ற வழியே பொருளும் பழக்கமும் சென்றிருக்கும் எனக் கருத இடமுண்டு.

சேதத்தின் கணக்கு

பொருத்தமின்மையால் விளையும் இழப்பை யார் ஏற்பது என்பதில் இந்தியப் படைக்குள்ளேயே இரு முறைகள் அருகருகே நிலவின என்பது பெரிதும் கவனிக்கப்படாத செய்தி. வட இந்தியக் குதிரைப்படைப் பிரிவுகள் பெரும்பாலும் சில்லாதார் முறையில் அமைந்தவை. இம்முறையில் அரசு துப்பாக்கி முதலிய படைக்கலங்களைத் தந்தது. குதிரையும் சேணமும் ஏனைய பொருள்களும் வீரனுடைய பொறுப்பு. படையில் சேரும்போது அவன் ஒரு முதலைச் செலுத்தினான். பெறும் ஊதியத்திலிருந்து குதிரையைப் பேணினான். நடைமுறையில் படைப்பிரிவே பொதுநிதியைக் கொண்டு மொத்தமாக வாங்கி வழங்கிற்று என்றாலும், குதிரை அவனது உடைமை என்னும் கருத்து நீங்கவில்லை. சென்னைக் குதிரைப்படையோ இம்முறைக்கு வெளியே நின்றது. 1903ஆம் ஆண்டின் மறுஎண்ணிடலில் 26, 27, 28 என எண் பெற்ற சென்னை மரபுப் பிரிவுகளில் குதிரையும் சேணமும் அரசினுடையவை.

முதுகுப்புண்ணை முன்னிறுத்தி இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டால், சில்லாதார் வீரனுக்குச் சேணத்தைத் திருத்துவதில் நேரடியான ஆதாயம் இருந்தது என்பது தெளிவு. புண்பட்டது அவனுடைய முதல். ஆனால் இம்முடிவை மிகைப்படுத்தலாகாது. தன் முதலைக் காப்பவன் செலவையும் சுருக்குவான். தேய்ந்த திண்டை மாற்றுவதும் சட்டகத்தைச் செப்பனிடுவதும் அவன் கைப்பொருளைக் கேட்பவை. அரசுக் குதிரையின் வீரனுக்கு அச்செலவில்லை. அக்கறைக்கான பொருளாதாரக் காரணமும் இல்லை. அவன் அஞ்சியது தண்டனைக்கு. தண்டனைக்கு அஞ்சுபவன் புண்ணை முதல்நாளே காட்டுவானா, மறைப்பானா என்பது படைப்பிரிவின் ஒழுங்கைப் பொறுத்தது. முதல்நாள் வீக்கத்தை மறைத்தால் ஐந்தாம் நாள் அது சீழ்வைத்த புண்ணாகும்.

இவ்விடத்தில் லூயி நோலனைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவா களத்தில் முதலில் வீழ்ந்தோருள் ஒருவராகவே அவர் பெரிதும் அறியப்படுகிறார். அதற்கு முன் 15ஆம் ஹுஸ்ஸார் பிரிவில் பணியாற்றிச் சென்னை மாகாணத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். குதிரைகளைப் பழக்குவது பற்றி 1852இலும் குதிரைப்படையின் வரலாறும் போர்முறையும் பற்றி 1853இலும் நூல்கள் எழுதியவர். குதிரை சுமக்கும் எடை மிகுதி என்பது அவர் வலியுறுத்திய கருத்துகளுள் ஒன்று. எடையைக் குறைக்காமல் சேணத்தை மட்டும் திருத்தினால் போதும் எனும் எண்ணத்துக்கு எதிரான வாதம் அக்காலத்திலேயே எழுந்துவிட்டது என்பதற்கு இது சான்று.

புண்ணை வாசித்தல்

இச்சிக்கலில் உண்மையான திருப்பம் ஒரு புதிய சேணத்தால் வரவில்லை. பார்வை மாற்றத்தால் வந்தது. அதற்குரியவர் படைக் கால்நடை மருத்துவர் பிரெடரிக் ஸ்மித் (1857–1929). இந்தியாவிலும் பணியாற்றி, பின்னர் பிரித்தானியப் படைக் கால்நடை மருத்துவத் துறையின் தலைமை இயக்குநராக உயர்ந்த இவர், சேணங்களையும் முதுகுப்புண்களையும் பற்றிய கையேடு ஒன்றை 1891இல் வெளியிட்டார். உடலியங்கியல் கற்பித்தவர் என்பதால், புண்ணை அவர் வெறும் நோயாகக் கருதவில்லை. புண் இருக்கும் இடமே காரணத்தின் முகவரி என்பது இவ்வணுகுமுறையின் அடிப்படை.

தோள்மேட்டின் உச்சியில் புண் எனில் முன்வளைவு இறங்கியுள்ளது. தோள்மேட்டின் பக்கங்களில் எனில் வளைவு குறுகியது. முதுகெலும்பின் மீது எனில் சட்டகம் முழுதுமே தாழ்ந்துவிட்டது, அல்லது கம்பளியின் மடிப்பு திரண்டு கிடந்தது. பின்புறத்தில் ஒருபக்கம் மட்டும் எனில், ஏறுபவன் சாய்ந்து அமர்கிறான் அல்லது மூட்டை ஒருபுறம் கனத்திருக்கிறது. இவ்வாறு வாசிக்கத் தொடங்கியவுடன், ‘கெட்ட சேணம்’ என்னும் பொதுக்குற்றச்சாட்டு பயனற்றதாகிறது. அதே சேணம் அடுத்த குதிரைக்குக் குற்றமற்றதாக இருக்கலாம்.

இதிலிருந்து பெறப்படும் மருத்துவமும் எளியது. மருந்திடுமுன் அழுத்தத்தை அகற்றவேண்டும். புண்ணுக்கு நேராக உள்ள திண்டின் பகுதியை வெட்டியெடுத்துக் குழியாக்குதல், கம்பளியை அவ்விடத்தில் மடியாது விடுதல், ஏனைய இடங்களில் தடிமன் கூட்டுதல் என்பன படைமுகாமில் கத்தியும் ஊசியும் கொண்டு செய்யக்கூடியவை. 1908இல் பிரித்தானியப் போர்த்துறை வெளியிட்ட விலங்குப் பேணல் கையேட்டில் இத்தகைய செய்திகள் படைவீரர் கற்கவேண்டிய பாடமாகவே இடம்பெற்றன. சேணத்தின்மேல் வீரன் அமர்ந்திருக்கும்போதே முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் இடையே கையை நுழைத்துப் பார்க்கும் சோதனையும் இவற்றைச் சார்ந்தது. எவரும் ஏறாத சேணம் எக்குதிரைக்கும் பொருந்துவதுபோல் தோன்றும் என்பதால், ‘வீரன் அமர்ந்திருக்கும்போது’ என்னும் நிபந்தனை முதன்மையானது.

தென்னாப்பிரிக்கா, 1899–1902

இவ்வறிவு நூலில் இருந்தது, படையில் இல்லை. தென்னாப்பிரிக்கப் போரில் பிரித்தானியத் தரப்பு 326,073 குதிரைகளையும் 51,399 கோவேறு கழுதைகளையும் இழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. இதில் முதுகுப்புண்ணின் பங்கைத் தனியே பிரித்துச் சொல்வது பொருந்தாது. பசி, சோர்வு, நோய், கடல்வழி வந்த குதிரைகளுக்கு இளைப்பாறக் காலம் தராமை ஆகியன பெருங்காரணங்கள். ஆனால் இக்காரணங்கள் அனைத்தும் சேணப் பொருத்தத்தின் வழியாகவும் செயற்பட்டன என்பதே இங்குக் கருதத்தக்கது.

நல்ல தீனியில் இருக்கும் குதிரையின் முதுகு உருண்டு திரண்டிருக்கும். அரைத்தீனியில் சில வாரங்கள் நடந்த குதிரையின் முதுகில் தசை வற்றும், தோள்மேடு துருத்தும், தோள்பட்டைக்குப் பின்னே பள்ளம் விழும். கப்பலேறும் நாளில் சரியாகப் பொருந்திய சட்டகம், இப்போது அகன்றுவிட்ட சட்டகமாகும். சேணம் மாறவில்லை, முதுகு சேணத்தைவிட்டு விலகிவிட்டது. அதன்மேல் வீரனும் படைக்கலமும் மூட்டையுமாக ஏறத்தாழ 20 ஸ்டோன், அதாவது 125 கிலோவை ஒட்டிய சுமை. 1900 பிப்ரவரியில் கிம்பர்லியை மீட்க விரைந்த பிரெஞ்சின் குதிரைப்படைப் பிரிவு கோடை வெயிலில் பல குதிரைகளைச் சோர்வுக்கே பலிகொடுத்தது. அத்தகைய விரைவில் கம்பளியை மறுபடி மடிக்க யாருக்கு நேரமிருந்திருக்கும்?

எதிர்த்தரப்பில் இருந்த போயர்களின் சேணம் உயர்ந்த தொழில்நுட்பத்தால் ஆனதன்று. வேறுபாடு பழக்கத்தில் இருந்தது. வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் இறங்கிச் சேணத்தைக் கழற்றிக் குதிரையைப் புரளவும் மேயவும் விடுவது அவர்கள் மரபு. குதிரை சிறியது, சுமை குறைவு, குதிரை அவரவர் சொந்தம். சில்லாதார் முறை பற்றி மேலே கூறப்பட்டதை இதனோடு இணைத்து எண்ணலாம்; ஆனால் போயர் தன் நிலத்திலேயே போரிட்டார் என்பதையும் மறக்கலாகாது.

ஸ்மித் இப்போரின் கால்நடை மருத்துவ வரலாற்றை எழுதினார். அது 1919இல் வெளிவந்தது. போதிய மருத்துவ அமைப்பு இன்றிப் போரைத் தொடங்கிய நிருவாகத்தின்மேல் அந்நூல் கடுமை காட்டுகிறது. போருக்குப் பின் 1903இல் படைக் கால்நடை மருத்துவப் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. 1905இல் போர்ட் எலிசபெத் நகரில் குதிரைகளுக்கென நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. குதிரைக்கு நீர்காட்டும் வீரனின் உருவம் அது.

அசையும் பலகை

1912ஆம் ஆண்டு வடிவம் இப்பட்டறிவின் விளைவு எனலாம். முந்தைய சேணங்களில் பக்கப்பலகைகள் இரும்பு வளைவுகளோடு அசையாதபடி பிணைக்கப்பட்டிருந்தன. புதிய வடிவில் அப்பிணைப்பு கீல்போல் அசையுமாறு அமைக்கப்பட்டது. முதுகு மெலிந்தாலும் பருத்தாலும் பலகை தானே சாய்வை மாற்றிக்கொண்டு தோலோடு படியும் என்பது எதிர்பார்ப்பு. பொருத்தும் பணியில் ஒரு பகுதியை வீரனின் கையிலிருந்து எடுத்து உலோகத்துக்குக் கொடுக்கும் முயற்சி இது. அது பெருமளவு வென்றது. பிரித்தானிய அரசின் அணிவகுப்புக் குதிரைகளில் இவ்வடிவம் இன்றும் காணப்படுகிறது. எனினும், கீல் சாய்வை மட்டுமே மாற்றும். நீளவாட்டில் பலகையின் வளைவை அது மாற்றாது. அதற்குக் கம்பளி இன்றியமையாததாகவே இருந்தது. மெலிந்த குதிரைக்குக் கூடுதல் மடிப்பு, பருத்த குதிரைக்குக் குறைவான மடிப்பு என்னும் விதி நீங்கவில்லை.

சில்லாதார் முறை முதல் உலகப் போரில் முறிந்தது. கடல்கடந்த களத்தில் இறந்த குதிரைக்கும் இழந்த சேணத்துக்கும் வீரனின் முதலைக்கொண்டு ஈடுசெய்ய இயலவில்லை. 1921–22 மறுசீரமைப்பில் இந்தியக் குதிரைப்படைப் பிரிவுகள் 39இலிருந்து 21ஆகக் குறைக்கப்பட்டபோது அம்முறையும் கைவிடப்பட்டது. சென்னைப் பிரிவுகள் முன்பிருந்தே பின்பற்றிய முறை அனைவருக்கும் பொதுவாயிற்று.

வாங்கிய பின்

தனிக்குதிரைக்கு அளவெடுத்துச் செய்யும் சேணம் இச்சிக்கலிலிருந்து விடுபட்டது என்று எண்ணுவதற்கில்லை. ஆங்கில மரபுச் சேணத்தில் சட்டகத்தின்கீழ் உள்ள திண்டு கம்பளிமயிர் அடைத்தது. புதிய சேணம் சில மாதங்கள் பயன்பட்டதும் அவ்வடைப்பு அமுங்கிவிடும், சேணம் தாழும். ஆகவே தைத்தவரே மறுபடி வந்து, திண்டின் வாயைத் திறந்து, குறைந்த இடத்தில் மயிரைச் சேர்த்து, கட்டிதட்டிய இடத்தில் எடுத்துவிட்டுச் சமன்செய்வது இத்தொழிலின் பழைய வழக்கம். வளையும் ஈயப்பட்டையைத் தோள்மேட்டின்மேல் அழுத்தி வைத்து, அவ்வளைவைத் தாளில் வரைந்துகொள்வது அளவெடுக்கும் எளிய முறை. அத்தாளில் நாளைக் குறித்துவைப்பர். ஆறு மாதம் கழித்து அதே குதிரையின் முதுகில் வரைந்த கோடு முதற்கோட்டின்மேல் பெரும்பாலும் படிவதில்லை. படைப்பிரிவின் கம்பளி மடிப்பும் தனிச்சேணத்தின் மயிரடைப்பும் வேறுவேறு வசதியுள்ளோரின் ஒரே தீர்வுகள். முதலாவதைச் செய்தவனுக்குத் தனிக்கூலி இல்லை என்பதால் ஆவணங்களில் அவன் பெயரும் இல்லை.

ஆயின் வேறொரு சான்று உண்டு. ஆழமான சேணப்புண் ஆறிய பின் அவ்விடத்தில் முளைக்கும் மயிர் வெண்மையாகவே முளைக்கும். நிறம்தரும் உயிரணுக்கள் அழிந்துவிடுவதால் அது பின்னர் மாறுவதில்லை. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்தித்தாள்களில் களவுபோன குதிரைகளைத் தேடி வெளியான விளம்பரங்கள், நிறம், உயரம், நெற்றிச்சுட்டி ஆகியவற்றோடு முதுகில் உள்ள இவ்வெண்புள்ளிகளையும் அடையாளமாகக் குறித்தன. குதிரை வாங்குவோரும் அவற்றையே முதலில் தேடினர்.